கண்ணும் கையும் கருத்தும்: வான்போரின் வருங்காலம்

வான்வழிப் போர் என்னும் கொடுங்கலைக்கு நூறாண்டுக்குச் சிறிது மேற்பட்ட வயதே உண்டு. 1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி, லிபியாவிலே துருக்கியரோடு பொருத இத்தாலியப் படையைச் சேர்ந்த ஜூலியோ கவோத்தி என்னும் விமானி, தம் சிறு விமானத்திலிருந்து கையாலேயே குண்டுகளை எடுத்துக் கீழே எறிந்தார். விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டமை வரலாற்றில் அதுவே முதன்முறை என்பர். அன்று இலக்கைக் கண்டது அவர் கண். எறிவதா விடுவதா என்று துணிந்தது அவர் கருத்து. எறிந்தது அவர் கை. இம்மூன்றும் ஒரே மனிதனிடத்தில் ஒருங்கே இருந்தன. அதற்குப் பின்வந்த வான்போர் வரலாற்றை, இவை ஒன்றன்பின் ஒன்றாக மனிதனைப் பிரிந்து இயந்திரத்திடம் சென்ற வரலாறு என்று சுருங்கக் கூறிவிடலாம். முதலிற் கண் சென்றது. அடுத்துக் கை சென்றது. இன்று கருத்தும் செல்லப் புறப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று நாளேடுகள் நாள்தோறும் பேசுவதன் போர்முகம் இந்த மூன்றாவது பிரிவேயாகும்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். இம்மூன்று பிரிவுகளுள் முதலிரண்டையும் இலங்கைத் தீவு தன் வானத்திலேயே கண்டுவிட்டது. மூன்றாவதைக் காணப்போகின்றவர்கள், ஏன், அதனை ஆக்கப்போகின்றவர்களுங்கூட, இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் இதனை அறிந்துகொள்வது நம் கடனேயாகும்.

கண் பிரிந்த கதையை முதற்கண் நோக்குவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் றேடார் என்னும் கருவி பெருவழக்கிற்கு வந்தது. வானொலி அலைகளை வெளியிற் செலுத்தி, அவை ஒரு பொருளின்மேல் மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு அப்பொருளின் தொலைவையும் திசையையும் அறிவது அதன் தொழில். மலையில் நின்று கூவினால் எதிர்மலை மறுமொழி தருவதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதனை விளங்கிக்கொள்வது அரிதன்று.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி, கொக்கலை வாவியிலிருந்து கற்றலீனா என்னும் கடல்விமானத்திற் சென்ற கனேடிய விமானி லெனாட் பேர்ச்சால், இலங்கையை நோக்கி ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பிய அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று காலை நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. பகைவர் வருகை முன்னாளே தெரிந்திருந்தது. நகரில் றேடார் நிலையமும் இருந்தது. இருந்தும், இரத்மலானையில் நின்ற ஹறிக்கேன் விமானிகளுக்குப் பகைவிமானங்கள் தலைக்குமேல் வரும்வரை எச்சரிக்கை எட்டவில்லை. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் ஓடி ஏறிப் பறக்க நேர்ந்தது.

நான்கு நாள் கழித்து, ஏப்பிரல் 9ஆந் திகதி, அதே படை திருகோணமலையைத் தாக்கியது. ஆங்கிருந்த றேடார் பகைவிமானங்களைத் தொலைவிலேயே கண்டது. கண்ட செய்தி உரியவரை உரிய காலத்தில் அடைந்தது. ஹறிக்கேன்கள் முன்னரே மேலெழுந்து எதிர்கொண்டன. அன்றைய இழப்பும் பெரிதே. மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முந்நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. ஆயினும் இவ்விரு நாட்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இயந்திரக் கண் காண்பது மட்டும் போதாது. கண்டது காலத்தாற் கருத்தை அடைதல் வேண்டும்.

அடைந்தபின்னும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கருவி காட்டியதை மனிதன் எவ்வாறு பொருள்கொள்கின்றான் என்பதே அது. அதற்குச் சான்று தேடிக் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் மலையிலேயே அது நிகழ்ந்தது. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்கவிருந்த மாட்டின்எயார் விமானம், மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அது போர்விமானம் அன்று. யாதொரு பகையும் ஆண்டில்லை. விமானிகள் தாம் நிலையத்துக்கு எவ்வளவு தொலைவில் இருக்கின்றோம் என்பதைப் பிழையாக உணர்ந்து, தகுந்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர் என்று விசாரணையாளர் முடிவு கூறினர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் சார்ந்து நின்றமை, பிழையான பொருள்கோளுக்கு இடந்தந்தது என்றும் அவர்கள் குறித்தனர். கருவி பொய் சொல்லாதபோதும் மனிதன் ஏமாறக்கூடும் என்பதற்கு அம்மலை என்றும் நின்று சான்று பகர்கின்றது.

இனிக் கை பிரிந்த கதை. போர்விமானி தன் கையால் விசையை அழுத்தி, தான் குறிவைத்த இடத்திற் குண்டு பாய்வதைக் கண்ட காலம் ஒன்றிருந்தது. 1958ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் தைவான் நீரிணையில் நிகழ்ந்த வான்போரில் ‘சைட்வைண்டர்’ என்னும் ஏவுகணை முதன்முதல் எய்யப்பட்டது. பகைவிமானத்தின் பொறியிலிருந்து வெளிப்படும் வெப்பத்தை உணர்ந்து, அதனைத் தானே பின்தொடர்ந்து செல்லும் ஆற்றல் அதற்கிருந்தது. எய்தவன் கையைவிட்டு அம்பு நீங்கியபின், அம்பே தன் வழியைத் தேடிக்கொண்டது. பின்னர் விமானியே ஏறாத விமானங்கள் வந்தன. அவற்றை ஓட்டுபவர் தொலைவிலுள்ள ஓர் அறையில் இருந்தவாறே திரையை நோக்கி இயக்குவர்.

இதனையும் இந்நாடு கண்டது. 1996ஆம் ஆண்டு முதல் இலங்கை விமானப்படை ஆளில்லா வேவு விமானங்களைப் பயன்படுத்தியது. வடக்கிலே அதன் இடையறாத ரீங்காரத்தைக் கேட்ட மக்கள் அதற்கு ‘வண்டு’ என்று பெயரிட்டனர். மலரைத் தேடும் வண்டைப் பாடிய மொழியிலே, அச்சத்தின் பெயராக அச்சொல் வழங்கலாயிற்று. வண்டு வந்துபோனால் அதன்பின் எது வருமோ என்று பதுங்குகுழியை நோக்கி ஓடிய தாய்மாரும் பிள்ளைகளும் பலர். மறுதரப்பினரும் வானத்தை விட்டுவைக்கவில்லை. 2007ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி விடுதலைப் புலிகளின் இலகு விமானங்கள் இரவிற் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி இரவு அவர்களின் விமானமொன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. எவர் விமானம் ஆயினும், அதன் கீழே வீடுகளும் மனிதரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. வான்போரைப் பற்றிப் பேசும்போது மேலே பறப்பவனை மட்டும் நோக்குவது ஒரு பாதியை நோக்குவதேயாம்.

இப்போது மூன்றாவது பிரிவுக்கு வருவோம். இயந்திரம் கருதுகின்றது என்றால் என்ன? தேயிலைத் தொழிற்சாலைகளுள் நிறம் பிரிக்கும் இயந்திரத்தைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். தூளோடு கலந்துவரும் காம்பையும் நாரையும் பிரித்தெடுப்பது அதன் வேலை. விழுகின்ற ஒவ்வொரு துணுக்கையும் புகைப்படக் கருவி நோக்குகின்றது. வேண்டாததென்று கண்டால், காற்று ஒரு கணம் வீசி அதனை அப்பாற் தள்ளுகின்றது. நோக்குவது கண், தள்ளுவது கை, இடையிலே ‘இது தூள், இது காம்பு’ என்று துணிவது கருத்து. பழைய முறையில் இத்துணைக்கு மேல் வெளிறியிருந்தால் தள்ளுக என்று மனிதன் அளவு வகுத்துக் கொடுப்பான். செயற்கை நுண்ணறிவு முறையிலோ அளவு வகுத்துக் கொடுப்பதில்லை. இவை தூள், இவை காம்பு என்று ஆயிரமாயிரம் படங்களைக் காட்டினால், வேறுபாட்டை இயந்திரமே கண்டுகொள்ளும். கொழுந்தெடுக்கும் நம் தாய்மாருக்கு எவரும் இலக்கணநூல் கற்பித்திலர். பல்லாயிரம் முறை கிள்ளிக் கிள்ளியே அவர்தம் விரல்கள் முற்றிய இலையையும் இளந்தளிரையும் அறிந்தன. இயந்திரம் கற்பதும் ஏறக்குறைய அவ்வகையே.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பழக்கமில்லாத ஒன்றைக் கண்டால் அத்தாய் கையை நிறுத்தி, திருப்பிப் பார்த்து, அருகிலிருப்பவளைக் கேட்பாள். தான் காணாததைக் கண்டோம் என்பதே இயந்திரத்துக்குப் பல வேளைகளில் தெரிவதில்லை. தான் கற்றவற்றுள் எதற்கு அது அண்மையதோ அதன் பெயரை அதற்கு இட்டுவிடும். தொழிற்சாலையில் ஒரு துணுக்கு மாறி விழுந்தால் நட்டமில்லை. விண்ணிலிருந்து நோக்கும் இயந்திரம், மண்வெட்டி தோளிற் கொண்டு செல்லும் உழவனைத் துவக்கு ஏந்திய வீரனென்று துணிந்தாலோ, அப்பிழையைத் திருத்த எவராலும் இயலாது.

இத்தகைய கருத்துப்பொறி விமானத்தை ஓட்டவுங் கற்றுக்கொண்டது. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமாகிய தார்ப்பா ஒரு போட்டி நடத்தியது. கணினியிற் தோற்றுவிக்கப்பட்ட செயற்கை வானில், பட்டறிவு மிக்க எஃப்-16 விமானி ஒருவரோடு ஒரு செயற்கை நுண்ணறிவு பொருதது. ஐந்து சுற்றுக்களிலும் இயந்திரமே வென்றது. எண்ணற்ற போலிப் போர்களில் தன்னோடு தானே மோதி, வென்ற வழியைப் போற்றியும் தோற்ற வழியைக் கழித்தும் அது கற்றிருந்தது. நேருக்குநேர் பாய்ந்து மிக அண்மையிற் சுடுவது, விபத்துக்கு அஞ்சி விமானிகளுக்குப் பயிற்சியில் விலக்கப்பட்ட செயல். இயந்திரம் அதனையே மிகுதியுஞ் செய்தது. அதற்கு உயிரில்லை; ஆதலின் அச்சமுமில்லை. எனினும் அச்செயற்கை வானில் எதிரியின் நிலை அதற்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. மெய்யான வானம் அத்துணை வள்ளன்மை உடையதன்று.

அதனால் மெய்வானிற் சோதனை தொடர்ந்தது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கலிபோனியாவிலுள்ள எட்வேட்ஸ் தளத்தில், எக்ஸ்-62ஏ என்னும் சோதனை விமானத்தைச் செயற்கை நுண்ணறிவு ஓட்ட, மனிதர் ஓட்டிய எஃப்-16 ஒன்றோடு வான்போர்ப் பயிற்சி நடந்தது. மணிக்கு ஏறத்தாழ 1,200 மைல் விரைவில் இரண்டும் 2,000 அடித் தொலைவுவரை நெருங்கின. காவலுக்காக விமானிகள் உள்ளே அமர்ந்திருந்தனர்; அவர்கள் தலையிட வேண்டிய தேவை எழவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்க விமானப்படைச் செயலாளரே அவ்விமானத்தில் ஏறிப் பறந்து வந்தார்.

போர்வல்லார் இதனை விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. விரைந்து திரும்பும் விமானத்தில் மனித உடல் தன் நிறையைப்போல் ஒன்பது மடங்கு அழுத்தத்துக்கு மேல் தாங்குவது அரிது. இயந்திரத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. தேர்ந்த விமானியை ஆக்கப் பல ஆண்டும் பெரும்பொருளும் வேண்டும். இயந்திரத்தின் கல்வியை ஒரு நாளிற் பல விமானங்களுக்குப் படியெடுத்து விடலாம். ஆதலின் ஒரு விமானி, கங்காணியைப்போல, பல ஆளில்லா விமானங்களைத் தன்னோடு நடத்திச் செல்லும் முறை உருவாகி வருகின்றது. அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பட்ட எம்.கியூ.-28 என்னும் துணைவிமானம் 2021ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் இருவகைத் துணைவிமானங்கள் 2025ஆம் ஆண்டிலும் முதன்முறை பறந்தன. இந்தியாவில் ஹிந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் நிறுவனம் ‘வாரியர்’ என்னும் துணைவிமானத்தை ஆக்கி வருகின்றது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் பொறியைத் தரையில் வைத்து இயக்கிப் பார்த்தனர். இவை செல்வந்த நாடுகளின் முயற்சி. 2022ஆம் ஆண்டு முதல் உக்ரேனில் நடந்த போரோ மலிவான சிறு ஆளில்லா விமானங்களின் ஆற்றலை உலகிற்குக் காட்டியது. அவற்றை ஓட்டுபவரின் வானொலித் தொடர்பைப் பகைவர் குழப்பிவிடுவதால், தொடர்பு அறுந்தபின்னும் இறுதித் தொலைவைத் தாமே கடந்து இலக்கை அடையும் அறிவை அவற்றுக்கு ஊட்டத் தலைப்பட்டனர். கருத்து மனிதனைப் பிரிவது யாரேனும் கொடுமனத்தோடு எடுத்த ஒரு முடிவினால் அன்று. சிறுசிறு தேவைகளின் நெருக்குதலாற் படிப்படியாகவே அது நிகழ்கின்றது.

இயந்திரத்துக்குச் சார்பாகப் பேசுவோர் கூற்றையும் நடுநின்று கேட்டல் முறை. மனிதன் களைக்கின்றான், அஞ்சுகின்றான், வெகுள்கின்றான், பழிவாங்க நினைக்கின்றான்; இயந்திரத்துக்கு இவை இல்லை; ஆதலின் பொதுமக்கள் இழப்புக் குறையலாம் என்பர் அவர். இது வெறும் வாதம் அன்று. 1988ஆம் ஆண்டு ஜூலை 3ஆந் திகதி, பாரசீக வளைகுடாவில் நின்ற ‘வின்சென்ஸ்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தனர். அவ்விமானம் மேலேறிக்கொண்டிருந்ததைக் கப்பலின் கருவி சரியாகவே பதிவுசெய்திருந்தது. பதற்றத்திலிருந்த மனிதரோ அது தம்மை நோக்கி இறங்குவதாக நம்பினர்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2003ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி, ஈராக் போரின்போது, ‘பேட்றியட்’ என்னும் வான்காப்புப் பொறி, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நட்புநாட்டு விமானமாகிய பிரித்தானிய ‘டோனேடோ’வைப் பகைவரின் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. அருகில் மனிதர் இருந்தனர். முடிவு செய்யும் உரிமையும் பெயரளவில் அவர்களதே. ஆயினும் ஆராய அவர்களுக்குக் கிடைத்தவை சில கணங்களே. இயந்திரத்தின் சொல்லை அவர்கள் ஏற்றனர். இரு விமானிகள் உயிரிழந்தனர்.

இதற்கு மாறான ஒருவரையும் வரலாறு அறியும். 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி, சோவியத் ஒன்றியத்தின் எச்சரிக்கை நிலையத்திற் கடமையிலிருந்தவர் ஸ்தானிஸ்லாவ் பெத்றோவ். அமெரிக்கா ஏவுகணை எய்துவிட்டதென்று கணினி அறிவித்தது. முதலில் ஒன்று, பின்னர் மேலும் நான்கு. உலகை அழிக்கப் புறப்படுபவன் ஐந்தே கணைகளோடு தொடங்குவானா என்று அவர் தம்முள் வினவினார். இது பிழையான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்கு அறிவித்தார். முகில்களின்மேற் பட்ட சூரியவொளியை செய்மதி ஏவுகணையென மயங்கியமை பின்னர் தெரிந்தது.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால், மனிதன் பிழை செய்யான் என்றோ, இயந்திரம் பிழையே செய்யும் என்றோ முடிவு கொள்ளல் இயலாது. பெறப்படும் உண்மை வேறொன்று. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மனிதனை இருத்திவிட்டோம் என்பதனால் மட்டும் பயனில்லை. அவனுக்கு எண்ணிப் பார்க்க நேரம் வேண்டும். இயந்திரம் சொல்வதை மறுக்கும் உரிமை வேண்டும். மறுக்கத் தக்க அறிவும் நெஞ்சுரமும் வேண்டும். பேட்றியட் அருகே இருந்தவர்க்கு நேரமில்லை. பெத்றோவுக்கு நேரம் சிறிதாயினும் இருந்தது, நெஞ்சுரமும் இருந்தது. வான்போரின் வருங்கால ஆபத்து, இயந்திரம் மிக்க அறிவு பெறுவதில் மட்டும் இல்லை. இரு தரப்பு இயந்திரங்களும் ஒன்றையொன்று விரைவில் மிஞ்ச முயல்வதால், மனிதன் எண்ணுவதற்குரிய நேரம் இல்லாதொழிவதிலேயே பெரிதும் உள்ளது. பிழை நேர்ந்தபின் இதற்கு யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு விடைகூற ஒருவர் இருத்தல் வேண்டும். இயந்திரத்தை நீதிமன்றத்தில் நிறுத்துதல் இயலாது.

இதனை உலகநாடுகள் அறியாமல் இல்லை. தாமாகவே கொல்லும் படைக்கலங்களைப் பற்றி ஜெனீவாவிலே பல்லாண்டாக ஆராய்ந்து வருகின்றனர். 2017, 2018ஆம் ஆண்டுகளில் அவ்வாராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்தியத் தூதுவர் அமன்தீப் சிங் கில். படைக்கலத்தைப் பயன்படுத்தும் முடிவுக்குரிய பொறுப்பு மனிதனுடையதே, அதனை இயந்திரத்துக்கு மாற்றல் ஆகாது என்பது 2019ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட பதினொரு நெறிகளுள் ஒன்று. 2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இப்பொருள்பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரித்தவை 152 நாடுகள்; எதிர்த்தவை நான்கு. இலங்கை ஆதரித்தது, ஜெனீவாவே இதற்குரிய களம் என்னும் கொள்கையுடைய இந்தியா எதிர்த்தது. நெறிகள் பிறந்துவிட்டன, கட்டுப்படுத்தும் சட்டமாக அவை இன்னும் வளரவில்லை.

தமிழ் கற்பிக்கும் ஒருவன் இவ்விடத்தில் நம் முன்னோரை நினையாதிருத்தல் இயலாது. திருக்குறளின் பொருட்பாலில், வினைமேற் செல்லும் அரசனுக்குரிய நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். இவற்றுட் பின்னைய மூன்றிலும் இயந்திரம் நம்மினும் வல்லது. பகைவன் வலியை அது எண்ணிச் சொல்லும். காலத்தைக் கணத்தின் கூறாக அளக்கும். இடத்தை அடியளவிற் காட்டும். முன்னையதாகிய தெரிந்துசெயல்வகையோ, இவ்வினையைச் செய்யலாமா, செய்தபின் எஞ்சுவது யாது என்று ஆராய்வது. வள்ளுவர் அதனையே முதலில் வைத்தார். வலியும் காலமும் இடமும் அறிந்த ஒன்று, செய்யத்தக்கது இதுவென்று தெரிந்த ஒன்றாகிவிடாது.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடுகின்றார். பசுக்களும், அந்தணரும், பெண்டிரும், பிணியாளரும், புதல்வரைப் பெறாதோரும் அரணை அடைக என்று முன்னறிவித்த பின்னரே அம்பு எய்தான் என்பது அவனுக்குரிய புகழ். எவரை எய்யலாம், எவரை எய்தலாகாது என்று பகுத்தறிவதும், எய்யுமுன் நேரந் தருவதும் வீரத்தின் கூறாகவே அன்று கொள்ளப்பட்டன. இன்று உலகநாடுகள் சட்டமாக எழுத முயல்வதும் இவ்விரண்டையுமே.

நம் மாணவருட் சிலர் நாளை கணினித்துறையிற் புகுவர். கொழும்பிலோ, சென்னையிலோ, கடல்கடந்த நாடுகளிலோ இருந்து இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதுவர். அது போருக்கென்றே எழுதப்படுவதாக இருத்தல் வேண்டுவதில்லை. இலையைப் பிரிக்க எழுதிய அறிவு வேறெங்கோ ஆளைப் பிரிக்கவும் உதவலாம். ஆதலின் கணிதத்தையும் பௌதிகத்தையும் ஐயந்திரிபறக் கற்க என்பதே அவர்களுக்கு முதல் வேண்டுகோள். அறியாதவன் சொல்லும் அறம் எவர் காதிலும் ஏறாது. எழுதும்போது, இயந்திரம் தயங்கி மனிதனைக் கேட்கும் ஓரிடத்தை அதனுள் அமைத்து வைக்க என்பது இரண்டாவது. விரைவு குறைகின்றதே என்று மேலோர் கடிந்தாலும் அவ்விடத்தை விட்டுக்கொடாதிருக்க என்பது மூன்றாவது. இதுவே மூன்றனுள்ளும் அரியது. பல துறைகளிலும் உயர்நிலை எய்தியிருக்கும் பழைய மாணவர்கள், அங்ஙனம் விட்டுக்கொடாத இளையோருக்குத் துணைநிற்பார்களாக.

கண்ணையும் கையையும் நாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டோம். அவற்றை மீட்டல் இனி இயலாது, மீட்க வேண்டுவதும் இல்லை. கருத்தைக் கொடுக்குமுன் ஒருமுறை நின்று எண்ணுவோமாக. எண்ணுவதற்கு நேரம் இன்னும் இருக்கின்றது.